திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

இக்கட்டுரை யோக ஆசிரியரைப் பற்றியது. இந்திய நிதி அமைச்சராக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி வேறொருவர்.

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 – பெப்ரவரி 28, 1989) இந்திய யோக ஆசிரியர், வடமொழி அறிஞர், ஆயுர்வேதம் கற்றவர். தற்கால யோகப் பயிற்சியின் தந்தை எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறார். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, இவருடைய மகன் டி. கே. வி. தேசிகாச்சார் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள். கருநாடகத்தில் பிறந்து மைசூர் அரண்மனையின் ஆதரவில் புகழ் பெற்ற இவர், தம் வாழ்வின் கடைசி 37 ஆண்டுகளைச் சென்னையில் கழித்தார்.

உடலின் ஒவ்வோர் அசைவையும் ஒரு மூச்சோடு இணைப்பதும், மனத்தை அந்த மூச்சின்மீது நிறுத்துவதும் இவருடைய முறையின் அடிப்படையாகும். யோகம் மனநலத்துக்கு உதவுமா என்னும் கேள்வி இன்று மருத்துவ ஆய்வுகளில் எழுப்பப்படும்போது, ஆராயப்படுவது பெரும்பாலும் இத்தகைய கவனத்துடன் கூடிய அசைவே ஆகும். உலகெங்கும் பரவியுள்ள இவருடைய புகழ் பெரிதும் மைசூர்க் காலத்தின் கடினமான ஆசனங்களால் வந்தது. மனநலம் சார்ந்து நோக்கினால் சென்னைக் காலமே முதன்மையானது. இக்கட்டுரையும் அதற்கே கூடுதல் இடம் தருகிறது.

மரபு

கிருஷ்ணமாச்சாரியாரின் குடும்பம் வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் வழி வந்தது எனக் கூறப்படுகிறது. நாதமுனிகள் வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவராக நன்கு அறியப்பட்டவர். இவர் ஒரு யோகியாகவும் இருந்தார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

வைணவ குருபரம்பரைக் கதைகளின்படி நாதமுனிகள் தம்மிடமிருந்த இரண்டு செல்வங்களை இரண்டு மாணவர்களிடம் ஒப்படைத்தார். பிரபந்தம் உய்யக்கொண்டாரிடம் சென்றது. யோகம் குருகைக்காவலப்பனிடம் சென்றது. பிற்காலத்தில் நாதமுனிகளின் பேரனான ஆளவந்தார் அந்த யோகத்தைக் கற்க விரும்பிக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்த குருகைக்காவலப்பனை நாடிச் சென்றார். அவரோ ஒரு குறிப்பிட்ட நாளில் வருமாறு நாள் குறித்துக் கொடுத்தார். ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் வழிபாட்டில் ஈடுபட்டிருந்தபோதுதான் குறித்த நாள் அன்றே என்பதை உணர்ந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நாதமுனிகளின் யோகம் கற்பிக்கப்படாமலேயே மறைந்தது என்பது மரபு.

இந்நிகழ்வு நடந்ததாகச் சொல்லப்படும் இடம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே குருவாலப்பர்கோவில் என்னும் ஊர் இருக்கிறது. குருகைக்காவலப்பர் என்னும் பெயரே மக்கள் வழக்கில் இவ்வாறு திரிந்தது என்பர். நாதமுனிகள் இறுதி எய்தியதும் இப்பகுதியிலேயே என்று குருபரம்பரை கூறும். நாதமுனிகளின் காலம் 9, 10 ஆம் நூற்றாண்டுகள் என்பதும், நகரை அமைத்த முதலாம் இராசேந்திரன் 11 ஆம் நூற்றாண்டினன் என்பதும் வரலாறு. ஆகவே பின்னாளில் புகழ்பெற்ற ஊரின் பெயரைக் கதை முன்னோக்கி எடுத்துச் சென்றிருக்க வேண்டும்.

தொலைந்துபோன அந்த யோகத்தை மீட்டவராகவே கிருஷ்ணமாச்சாரியார் தம்மைக் கருதினார். தமது பதினாறாம் வயது அளவில் அவர் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றார். நாதமுனிகள் நம்மாழ்வாரின் பாசுரங்களைப் பெற்றதாகச் சொல்லப்படும் ஊரும் அதுவே. அங்கு ஒரு மாந்தோப்பில் தம்மை மறந்த நிலையில் நாதமுனிகளைக் கண்டதாகவும், அவர் வாயிலிருந்தே யோக ரகசியம் என்னும் நூலின் சுலோகங்களைக் கேட்டதாகவும் அவர் கூறி வந்தார். அவர் நினைவிலிருந்து சொன்ன அந்நூல் பின்னர் அச்சில் வந்தது. அது அவருடைய சொந்தப் படைப்பாகவே இருக்கலாம் என்று அவரிடம் நெடுங்காலம் பயின்றவர்களிலேயே சிலர் கருதியுள்ளனர். யார் இயற்றியதாயினும் நூலின் உள்ளடக்கம் குறிப்பிடத்தக்கது. கருவுற்ற பெண்கள், முதியோர், நோயுற்றோர் எனப் பயில்பவரின் நிலைக்கேற்பப் பயிற்சி மாற வேண்டும் என்பதை அது வலியுறுத்துகிறது.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணமாச்சாரியார் அன்றைய மைசூர் அரசில் சித்ரதுர்கா மாவட்டத்தைச் சேர்ந்த முசுகுந்தபுரத்தில் பிறந்தார். தந்தை திருமலை சீனிவாச தாத்தாச்சாரியார் வேதம் கற்பித்தவர். தாய் ரங்கநாயகியம்மா. ஆறு குழந்தைகளில் இவரே மூத்தவர். வடமொழியையும் ஆசனங்களின் தொடக்கத்தையும் தந்தையிடமே கற்றார். பத்து வயதில் தந்தையை இழந்தார். பின்னர் குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள பரகால மடத்தில் இவருடைய முன்னோர் ஒருவர் தலைவராக இருந்திருந்தார்.

மைசூரிலும் காசியிலும் இலக்கணம், தருக்கம், வேதாந்தம், மீமாம்சை ஆகியவற்றைப் பயின்றார். வங்காளத்தில் ஆயுர்வேதம் கற்றதாகவும் வரலாறுகள் கூறுகின்றன. இவ்வளவு கற்றவருக்குப் பெரிய பதவிகள் கிடைத்திருக்கக்கூடும். ஆனால் யோகத்தை நாடி இமயம் கடந்து, கயிலை மலைப் பகுதியில் ராமமோகன பிரம்மச்சாரி என்னும் குருவிடம் ஏழரை ஆண்டுகள் தங்கியதாக அவர் கூறினார். திருமணம் செய்துகொண்டு இல்லறத்தில் வாழ வேண்டும், யோகத்தைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே குரு கேட்ட காணிக்கையாம்.

1925 இல் நாமகிரியம்மாவை மணந்தார். அன்று யோகம் கற்பித்துப் பிழைக்க முடியாது. ஹாசன் பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்தபடியே, ஓய்வு நேரத்தில் ஊர் ஊராகச் சென்று செயல்விளக்கங்கள் நடத்தினார். 1927 இல் ஹாசனில் அப்படி ஒரு விளக்கத்தைக் கண்ட சிறுவனே பின்னாளில் அட்டாங்க வின்யாச யோகத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ்.

மைசூர் யோகசாலை

மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராச உடையார் இவருக்கு ஆதரவளித்தார். 1933 இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. 1934 இல் யோக மகரந்தம் என்னும் கன்னட நூல் வெளியானது. 1941 இல் யோகாசனகளு என்னும் நூல் வந்தது. அரசரின் விருப்பப்படி யோகத்தைப் பரப்புவதற்காகப் பல ஊர்களில் செயல்விளக்கங்கள் நடந்தன. கிருஷ்ணமாச்சாரியாரும் ஐயங்காரும் ஆசனம் செய்யும் 1938 ஆம் ஆண்டு ஒலியில்லாப் படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

யோகசாலையின் மாணவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். உடல் வளையும் வயது. வேகமாக ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவும் தொடர்கள் இங்கு கற்பிக்கப்பட்டன. அரண்மனை விருந்தினரைக் கவர வேண்டிய தேவையும் இருந்தது. இன்று உலகின் பல நகரங்களில் யோகம் என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பகுதி இந்தக் கூடத்தில் உருவானதே.

ஆசிரியராக அவர் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். மனைவியின் தம்பியான ஐயங்கார், 1934 இல் நோயால் மெலிந்த சிறுவனாக மைசூருக்கு வந்தார். அவர் அங்குக் கழித்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை அச்சம் நிறைந்த காலமாகவே பின்னாளில் நினைவுகூர்ந்தார். முன்பயிற்சி இன்றிக் கடினமான ஆசனத்தைச் செய்யுமாறு பணிக்கப்பட்டுத் தொடைத் தசைநார்களில் காயம்பட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். ஆசனத்தால் மனம் அமைதியுறும் என்று நூலில் எழுதியவரின் வகுப்பிலேயே மாணவர்கள் நடுங்கினர் என்பது மறைக்கத் தக்கதன்று. அசைவு ஒன்றாகவே இருந்தாலும், அது அச்சத்தில் செய்யப்படுகிறதா கவனத்தில் செய்யப்படுகிறதா என்பதைப் பொறுத்துப் பயன் மாறும்.

இதே காலத்தில் ஒரு மாறுபட்ட மாணவரும் வந்தார். உருசியப் பேரரசில் பிறந்த யூஜினி பீட்டர்சன் என்னும் பெண் 1930களின் இறுதியில் யோகம் கற்க விரும்பினார். அயல்நாட்டவர், அதிலும் பெண் என்பதால் கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்தார். அரசர் பரிந்துரைத்த பின்னரே ஏற்றார். கடுமையான உணவு விதிகளையும் நேர ஒழுங்கையும் விதித்துப் பார்த்தார், அவர் அசையவில்லை. பின்னர் இந்திரா தேவி என்ற பெயரில் சாங்காயிலும், 1947 முதல் ஹாலிவுட்டிலும் அவர் யோகம் கற்பித்தார். அவர் கற்பித்தது மென்மையான முறை. தாவல்கள் அதில் இல்லை. ஒரே ஆசிரியர் அதே ஆண்டுகளில் ஆளுக்கேற்ப வெவ்வேறாகக் கற்பித்தார் என்பதற்கு இது சான்று.

1940 இல் அரசர் மறைந்தார். விடுதலைக்குப் பின் மைசூர் இந்தியாவுடன் இணைந்தது. யோகசாலைக்கான ஆதரவு குறைந்து, 1950 இல் அது மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. மூன்று மகன்களும் மூன்று மகள்களும் கொண்ட குடும்பத்தை அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சென்னைக் காலம்

1952 இல் சென்னையில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த ஒரு சட்ட அறிஞருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டார். அதன்பின் குடும்பத்துடன் சென்னையிலேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் வகுப்புகள் எடுத்தார். மற்றபடி அவருடைய பணி வீடுகளில் நடந்தது, பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில்.

இங்கு அவரிடம் வந்தவர்கள் மைசூர்ச் சிறுவர்கள் அல்லர். பக்கவாதம் வந்தவர்கள், ஈளை நோயினர், முதுகுவலி உடையோர், நீரிழிவு நோயாளிகள், தூக்கம் இழந்தவர்கள், நடுவயதினர், முதியவர்கள். இவர்களிடம் தாவல் தொடரைக் கற்பிக்க இயலாது. ஆகவே ஆசனங்கள் எளிமையாயின, முழங்கால்கள் மடிந்தன, நாற்காலியில் அமர்ந்தும் பயிற்சி செய்யப்பட்டது. மைசூரில் அசைவோடு சேர்ந்தே வந்த மூச்சு, சென்னையில் அசைவை நடத்திச் செல்லும் தலைமை இடத்தைப் பெற்றது எனலாம். நாடி பார்த்து, உணவும் உறக்கமும் கேட்டறிந்து, அதன்பின் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சி வகுக்கப்பட்டது.

1955 அளவில் அவரிடம் சேர்ந்த சீவத்ச ராமசுவாமி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் பயின்றார். இவர் கலாசேத்திராவிலும் பல ஆண்டுகள் யோகம் கற்பித்தார். ஏ. ஜி. மோகன் பிற்காலத்தில் நெருங்கிப் பயின்ற மற்றொருவர்.

தேசிகாச்சார் யோகத்துக்கு வந்த கதை மனநலத்தோடு நேரடித் தொடர்புடையது. 1938 இல் பிறந்த அவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். தந்தையின் தொழிலில் அவருக்கு ஈடுபாடு இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், வீட்டு வாசலில் வந்து நின்ற காரிலிருந்து இறங்கிய நியூசிலாந்துப் பெண் ஒருவர், விரைந்து வந்து தம் தந்தையைத் தழுவிக்கொள்வதை அவர் கண்டார். ஆசாரம் மிக்க ஒரு வைணவப் பெரியவர் வீட்டு வாசலில் அந்நாளில் நடக்கக்கூடிய காட்சி அன்று அது. விசாரித்தபோது, பல ஆண்டுகளாகத் தூக்கமின்மையால் வருந்திய அப்பெண் முந்தைய இரவு மாத்திரை இன்றி உறங்கினார் எனத் தெரிந்தது. மருந்தால் ஆகாததைத் தந்தை எவ்வாறு செய்தார் என்னும் வியப்பே தம்மைப் பொறியியலைக் கைவிடச் செய்தது என்று தேசிகாச்சார் பின்னர் கூறியுள்ளார். மகன் என்பதற்காகத் தந்தை எந்தச் சலுகையும் தரவில்லை. விடியலுக்கு முன்பே பாடம் தொடங்கும்.

1960களின் நடுவில் ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னைக்கு வரும்போதெல்லாம் தேசிகாச்சாரிடம் ஆசனமும் பிராணாயாமமும் பயின்றார். 1976 இல் தேசிகாச்சார் தந்தையின் பெயரில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைச் சென்னையில் நிறுவினார். நோயாளிகளைத் தனித்தனியே சந்தித்துப் பயிற்சி வகுக்கும் முறையை அந்நிறுவனம் தொடர்ந்தது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி, கோட்டு உருவப் படங்களாக ஒரு தாளில் வரைந்து கொடுக்கப்படும்.

பயிற்சி முறை

கிருஷ்ணமாச்சாரியாரின் முறைக்குப் பதஞ்சலியின் யோகசூத்திரமே ஆதாரம். அதன் முதற்பாகத்தில், மனம் சிதறும்போது கூடவே தோன்றும் நான்கு அறிகுறிகள் சொல்லப்படுகின்றன: துயரம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. இவற்றில் முதல் இரண்டும் மனத்தைச் சார்ந்தவை, பின்னிரண்டும் உடலைச் சார்ந்தவை. துயரத்தை விட்டுவிடு என்று ஒருவரிடம் சொல்லிப் பயனில்லை. ஆனால் மூச்சை நீளமாக விடச் சொன்னால் அவரால் செய்ய முடியும். அறிகுறியாக உள்ள ஒன்றையே கைப்பிடியாகப் பற்றி மனத்தை அடைவது என்று இம்முறையை விளக்கலாம். மூச்சை வெளிவிடுவதாலும் நிறுத்துவதாலும் மனம் தெளியும் என்று அதே பாகத்தில் வரும் சூத்திரத்துக்கு இம்மரபில் பெரும் மதிப்பு உண்டு.

ஆசனம் பற்றிய சூத்திரத்துக்கு அவர் தந்த பொருளும் கவனிக்கத்தக்கது. முயற்சியைத் தளர்த்துவதாலும் முடிவற்றதில் மனத்தை ஒன்றுவிப்பதாலும் ஆசனம் கைகூடும் என்பது பொதுவான பொருள். இங்கு முயற்சி என்பது உயிர் வாழ்வதற்கான முயற்சியாகிய மூச்சைக் குறிக்கும் என்று அவர் கொண்டதாக ராமசுவாமி விளக்கியுள்ளார். அதாவது ஆசனத்தில் மூச்சு தளர்வாக, நீளமாக இருக்க வேண்டும், மனம் அந்த மூச்சையே பின்தொடர வேண்டும். மூச்சு திணறினால் ஆசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆசனம் அன்று.

நடைமுறையில் இதன் எளிய வடிவம் பின்வருமாறு அமையும். நேராக நின்று, தொண்டையில் இலேசான உரசல் ஒலி கேட்குமாறு மூச்சை உள்ளிழுத்தபடி கைகளைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். மூச்சை விட்டபடி கைகளைக் கீழே இறக்க வேண்டும். மூச்சு முதலில் தொடங்கும், கை அதன்பின் நகரும். கை முதலில் நிற்கும், மூச்சு அதன்பின் முடியும். அசைவு மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதே விதி. ஐந்தாறு முறை இதைச் செய்பவர் வேறு எதையும் நினைத்துக்கொண்டிருந்தால் உடனே தாளம் தவறும். மனம் எங்கே இருக்கிறது என்பதைப் பயில்பவருக்கு அசைவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கண்ணை மூடி அமர்ந்தால் கவலைகள் பெருகுகின்றன என்று சொல்பவர்களுக்கு, அமர்ந்து செய்யும் தியானத்தைவிட இது எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும் இவ்வமைப்புக்கு வின்யாசக் கிரமம் என்று பெயர். ஒவ்வோர் ஆசனத்துக்கும் அதன் இறுக்கத்தைத் தளர்த்தும் எதிர் ஆசனம் உண்டு. ஒரு நிலையில் நெடுநேரம் நிற்பதற்கு முன் அதே நிலைக்குச் சில முறை சென்று திரும்புவது வழக்கம்.

மனநிலைக்கு ஏற்ப மூச்சின் அளவும் மாறும். இம்மரபில் இரண்டு எதிர்த் திசைகள் பேசப்படுகின்றன. ஒன்று லங்கனம், அதாவது குறைத்தல். மற்றது பிரும்மணம், அதாவது வளர்த்தல். இரண்டும் ஆயுர்வேதச் சொற்கள். பதற்றத்தாலும் தூக்கமின்மையாலும் வருந்துபவருக்கு வெளிமூச்சை நீட்டும் பயிற்சிகள், முன்குனியும் ஆசனங்கள், படுத்துச் செய்யும் மெதுவான அசைவுகள் தரப்படும். சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி இருப்பவருக்கு அவ்வாறே செய்தால் சோர்வு கூடக்கூடும். அவருக்கு நின்று செய்யும் அசைவுகள், மார்பை விரிக்கும் ஆசனங்கள், உள்மூச்சை வளர்க்கும் பயிற்சிகள் தரப்படும். மூச்சை நீட்ட இயலாதவர்களுக்கு ஒலியைப் பயன்படுத்துவதும் உண்டு. கையை இறக்கும்போது ஓர் ஒலியையோ மந்திரத்தையோ உரக்கச் சொன்னால் வெளிமூச்சு தானே நீளும். நம்பிக்கை இல்லாதவர்மீது மந்திரம் திணிக்கப்படவில்லை.

வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவதும் உள்மூச்சின்போது சற்றுக் கூடுவதும் உடலியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. வேகசு நரம்பின் செயற்பாடு இதில் பங்கு பெறுகிறது. மூச்சு மெதுவாகி வெளிமூச்சு நீளும்போது உடல் அமைதி நிலைக்குத் திரும்புவதற்கு இது ஒரு விளக்கமாகும். ஆனால் மனநோய்களில் யோகம் எவ்வழியில் உதவுகிறது என்பது முழுமையாக நிறுவப்பட்டுவிடவில்லை.

மருத்துவ ஆய்வுகள்

கிருஷ்ணமாச்சாரியார் தம் முறையை மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தியவர் அல்லர். அவருடைய வெற்றிகளாகச் சொல்லப்படுபவை மாணவர்களும் குடும்பத்தாரும் நினைவுகூர்ந்த தனிநிகழ்வுகள் ஆகும். நியூசிலாந்துப் பெண்ணின் கதையும் அத்தகையதே. கீழே உள்ள ஆய்வுகள் அவருடைய முறையையே பின்பற்றியவை அல்ல. எனினும் அசைவையும் மூச்சையும் கவனத்தையும் இணைக்கும் பயிற்சியால் என்ன பயன் என்பதை அவை ஓரளவு காட்டுகின்றன.

பெங்களூர் நிம்கான்சு (தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம்) ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மனச்சிதைவு நோயுடைய 61 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு யோகமும் மறு குழு உடற்பயிற்சியும் செய்தன. நான்கு மாதங்களுக்குப் பின் யோகக் குழுவினரிடம் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன, பிறருடன் பழகும் திறனும் மேம்பட்டிருந்தது. இங்கு ஒப்பிடப்பட்டது யோகமும் வெறும் இருத்தலும் அல்ல, யோகமும் உடற்பயிற்சியும் என்பதே இவ்வாய்வின் சிறப்பு. இரு குழுவினரும் தத்தம் மருந்துகளைத் தொடர்ந்தனர் என்பதையும் மறக்கலாகாது. ஊரில் மாத்திரையை நிறுத்திவிட்டு யோகத்துக்கு அனுப்புவதற்கு இவ்வாய்வைச் சான்று காட்ட முடியாது.

மனச்சோர்வு குறித்து 2013 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 619 பேர் பங்கேற்ற 12 ஆய்வுகளைத் திரட்டி நோக்கியது. வழக்கமான கவனிப்போடு ஒப்பிடுகையில் குறுகிய காலப் பயன் இருப்பதாக அது கண்டது. ஆய்வுகளின் தரத்தில் குறைகள் இருப்பதையும் சுட்டியது.

ஐக்கிய அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், கொடும் அனுபவங்களுக்குப் பின் வந்த மன அழுத்தக் கோளாறு நெடுங்காலமாகத் தீராத 64 பெண்கள் பங்கேற்றனர். பத்து வாரங்களின் முடிவில் யோகம் செய்தவர்களில் 52 விழுக்காட்டினரிடமும், நலக்கல்வி வகுப்பில் இருந்தவர்களில் 21 விழுக்காட்டினரிடமும் அந்நோய்க்கான வரையறை பொருந்தவில்லை. இவ்வகை யோகத்தில் ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்துவதில்லை, கட்டளையிடுவதில்லை. செய்வதா விடுவதா என்னும் தெரிவு பயில்பவரிடமே விடப்படுகிறது. மைசூர் யோகசாலையில் இப்படி ஒரு தெரிவைக் கற்பனை செய்வதும் கடினம்.

ஐயங்களும் விமரிசனமும்

கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியோர் பெரும்பாலும் அவருடைய குடும்பத்தினரும் மாணவர்களுமே. தம் இளமை பற்றி அவர் கூறியவற்றில் ஆண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். கயிலையில் ஏழரை ஆண்டுகளும் வடநாட்டுக் கல்லூரிகளில் பட்டங்களும் ஒரே காலப்பகுதிக்குள் அடங்குவது கடினம்.

ஆசனத் தொடர்களின் ஊற்றாக யோக குருந்தம் என்னும் பழைய நூல் சுட்டப்படுகிறது. அதன் சுவடி எறும்பரித்து அழிந்தது என்பர், கண்டவர் எவருமில்லை. நார்மன் சோமன் 1996 இலும் மார்க் சிங்கிள்டன் 2010 இலும் வெளியிட்ட நூல்கள், மைசூர்த் தொடர்களில் அரண்மனை உடற்பயிற்சி மரபும் மேலைநாட்டு உடற்பயிற்சி முறைகளும் கலந்துள்ளன என வாதிட்டன. இவ்வாதத்தின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

இதயத் துடிப்பை நிறுத்திக் காட்டினார் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. இவ்வாற்றல் உண்டு என்று சொன்ன யோகியர் சிலரை இந்தியாவில் சோதித்து வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் 1961 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது நாடித் துடிப்பும் இதய ஒலியும் தேய்ந்துபோகின்றன. மின்துடிப்பு வரைவில் இதயம் இயங்கிக்கொண்டே இருந்தது. இத்தகைய அரிய செயல்களைப் பிற்காலத்தில் கிருஷ்ணமாச்சாரியாரே பொருட்படுத்தவில்லை. அவற்றைக் கேட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

இறுதி ஆண்டுகள்

பரகால மடத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட முன்வந்ததாகவும், இல்லறத்தைத் துறக்க மனமின்றி அவர் மறுத்ததாகவும் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். சென்னையில் எளிய வாழ்க்கையே வாழ்ந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் நாள்தோறும் பாடம் சொன்னார்.

1984 இல், 96 ஆம் வயதில், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே செய்யத்தக்க அசைவுகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். கை அசைவு, மூச்சு, ஓதுதல் ஆகியவையே அப்பயிற்சியில் எஞ்சியவை. அந்நிலையிலும் மாணவர்களுக்குக் கற்பிப்பதை விடவில்லை.

1988 நவம்பரில் நூறு வயது நிறைவு கொண்டாடப்பட்டது. 1989 பெப்ரவரி 28 அன்று சென்னையில் காலமானார். மாணவர்களில் இந்திரா தேவி 2002 இலும், பட்டாபி ஜோயிஸ் 2009 இலும், ஐயங்கார் 2014 இலும் மறைந்தனர். தேசிகாச்சார் 2016 ஆகத்து 8 அன்று சென்னையில் காலமானார்.